படியோரத்துப் பெயர்

பித்தளைக் கைப்பிடி ஒன்றைக் கையில் கொடுத்தால் போதும், அது எப்படிப்பட்ட வீட்டில் இருந்தது என்று பாலிஷ்காரம்மா சொல்லிவிடுவார். அந்த வீட்டில் இடக்கைக்காரர் உண்டா, கதவைத் தள்ளித் திறக்கிறார்களா இழுத்துத் திறக்கிறார்களா, மோதிரம் போட்ட கை எத்தனை என்பதெல்லாம் அவருக்கு அந்த உலோகத்திலேயே தெரியும். ஒருமுறை ஒரு வீட்டுக்காரர் தன் மனைவியோடு வந்து, வாசல் பூட்டின் முகத்தகட்டைக் கொடுத்தார். சாவித் துவாரத்தைச் சுற்றிக் கோழி கிளறியது போலக் கீறல்கள். விளக்கடியில் தகட்டைச் சாய்த்துப் பார்த்தபடியே, "உங்க வீட்ல ஒருத்தர் சாவிய முதல் தடவையில உள்ள விடுறதே இல்ல. நிதானம் இல்லாத கை," என்றார் இவர். வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். மனைவி வீட்டுக்காரரைப் பார்த்தார். அன்றோடு வாடிக்கையாளர்களின் குடும்ப விஷயத்தைச் சொல்வதை பாலிஷ்காரம்மா நிறுத்திவிட்டார். பார்ப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

வயது ஐம்பத்தொன்று. பட்டறை அவர் அப்பாவுடையது. தகரக் கூரை போட்ட நீளமான கொட்டகை, மூன்று மோட்டார், மூன்று சக்கரம். முதல் சக்கரத்தில் உப்புத்தாள் பட்டை. அது கீறலை எடுக்கும். இரண்டாவது நார்ச் சக்கரம். முதல் சக்கரம் போட்ட கீறலை இது எடுக்கும். மூன்றாவது துணிச் சக்கரம். பழுப்பு மெழுகுக்கட்டியை அதில் தொட்டுத் தொட்டுப் பொருளைப் பிடித்தால் பளபளப்பு வரும். பிடிப்பவரின் முகம் மாலைக்குள் கரியாகிவிடும். கண்ணாடியைக் கழற்றினால் கண்ணைச் சுற்றி மட்டும் இரண்டு வட்டம் வெளுப்பாகத் தெரியும். கல்யாணமான புதிதில் அந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைந்தவரை அவருடைய கணவர் யாரோ என்று நினைத்து, "யார் வேணும்?" என்று கேட்டது இன்றுவரை குடும்பத்தில் ஓடுகிற கதை.

அவருக்கு முன்னால் துணிச் சக்கரத்தில் நின்றவன் அவருடைய அண்ணன். தங்கைக்கு அப்போது துடைத்துக் காகிதத்தில் சுற்றுகிற வேலை. அண்ணன் நல்ல உயரம். நாற்காலி போடாமலே கொட்டகைக் கூரையின் மூலையில் துடைப்பத்தைச் செலுத்துவான் என்பதால் வீட்டில் அவனுக்கு 'ஒட்டடை' என்று பெயர். பேருந்தில் மேல்கம்பி எட்டாதவர்கள் அவன் கையைப் பிடித்துக்கொள்வார்கள். தங்கை ஒரு முழங்கையைப் பிடித்திருப்பாள். மறு முழங்கையை முன்பின் தெரியாத யாராவது பிடித்திருப்பார்கள். இறங்கும்போது அவர்கள் அவனுக்கு நன்றிகூடச் சொல்வதில்லை. கம்பிக்கு யார் நன்றி சொல்வார்கள்?

இருபத்திரண்டாவது வயதில் ராணுவத்தில் சேர்ந்தான். இருபத்து நான்காவது வயதில், எல்லையில் ஒரு பாலத்தருகே, போர் தொடங்கிய ஒன்பதாம் நாள் இறந்தான். உடலை அங்கேயே அடக்கம் செய்ததாகக் கடிதம் வந்தது. மறுவாரம் தங்கை அவனுடைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு துணிச் சக்கரத்தின் முன் நின்றாள். யாரும் நிற்கச் சொல்லவில்லை, யாரும் தடுக்கவுமில்லை. ஆயிற்று, முப்பத்தோரு வருடம். அண்ணன் இப்போது அவரைவிட இருபத்தேழு வயது இளையவன். 'அண்ணா' என்று வாய் நிறையக் கூப்பிட்ட ஆள், பேச்சில் எப்போதோ 'அவன்' ஆகிவிட்டான்.

போர் முடிந்து மூன்று வருடம் கழித்துத் தலைநகரில் நினைவாலயம் கட்டி, இறந்த வீரர்களின் பெயர்களை வெண்கலத் தகடுகளில் வார்த்துச் சுவரெல்லாம் பதித்தார்கள். திறப்பு விழாவுக்குக் குடும்பங்களுக்கு அழைப்பு வந்தது. ரயிலில் ஒன்றரை நாள் பயணம். அம்மா அழைப்பை மடித்துத் தலையணை உறைக்குள் வைத்துக்கொண்டார்.

"பேரைப் பார்க்க எதுக்கு அவ்வளவு தூரம் போகணும்? எனக்குத் தெரியாத பேரா? நான் வெச்சதுதானே?"

அதற்கு மேல் அந்தப் பேச்சு வீட்டில் எழவில்லை. அம்மா இருந்தவரை அவர் பேச்சைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அம்மா போன பிறகு வேலை விடவில்லை. வேலை குறைந்தபோது முழங்கால் வலி வந்தது. ஆனால் பாலிஷ்காரம்மாவை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது தூரமோ வலியோ இல்லை. கை படாத வெண்கலம் என்ன ஆகும் என்பது அவர் தொழிலில் முதல் பாடம். பழுப்பாகும், கறுக்கும், இடுக்கில் பச்சை பூக்கும். மற்ற வீரர்களின் வீட்டார் வருடா வருடம் போய்த் தடவிப் பார்த்திருப்பார்கள், அந்தப் பெயர்களெல்லாம் மின்னும், நடுவில் ஒட்டடையின் பெயர் மட்டும் கரிச்சட்டி மாதிரி இருக்கும். ஊரார் கைப்பிடிகளுக்கெல்லாம் பளபளப்பு ஏற்றியவரின் மனதில் இந்த ஒரு படம் இருபத்தெட்டு வருடமாக அப்படியே இருந்தது.

போன வருடம் மகளுக்குத் தலைநகர் மருத்துவமனை ஒன்றில் வேலை கிடைத்தது. "இப்பவாவது வாங்கம்மா. லிஃப்ட் இருக்கு, உங்க முழங்காலுக்கு ஒண்ணும் ஆகாது," என்று அவள் நாலு மாதம் கேட்ட பிறகு இவர்கள் கிளம்பினார்கள். பையில் பாலிஷ் டப்பா ஒன்று, ஏழெட்டுத் தடவை துவைத்து மெத்தென்று ஆன பழைய பனியன் துணி இரண்டு, எழுத்து இடுக்குகளுக்காக ஒரு பல் தேய்க்கும் பிரஷ்.

கணவர் பையைத் திறந்து பார்த்தார். முப்பது வருடம் பேருந்து நடத்துனராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் பையில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அவரால் பயணம் செய்ய முடியாது.

"அஞ்சலி செலுத்தப் போறியா, கான்ட்ராக்ட் எடுத்துட்டுப் போறியா?"

"ஒரு பேருக்கு அரை மணி நேரம் போதும்."

"அங்க விடுவாங்களா?"

"சுத்தம் பண்றதை யாருங்க வேணாம்பாங்க?"

மகளுக்கு அன்று பகல் வேலை. அதனால் காலை பத்து மணிக்கு இவர்கள் இருவர் மட்டும் நினைவாலயத்துக்குப் போனார்கள். வெயில் கண்ணைக் கூசவைக்கும் வெள்ளைக்கல் முற்றம். வாசலில் ஒரு மேசை, மேசைமேல் தடிமனான பெயர்ப் பதிவேடு. சுவரில் பெயர்கள் அகரவரிசையில் இல்லை. இறந்த நாள் வரிசையில் இருந்தன. ஆகவே முதலில் பதிவேட்டில் பெயரைப் பார்த்து, எந்த இடம் என்று குறித்துக்கொண்டு போக வேண்டும். நடத்துனர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு விரலை ஓட்டினார்.

"ஏழாம் சுவர், மூணாம் தகடு, பதினாலாம் வரிசை. சீட் நம்பர் கிடைச்சாச்சு, வா."

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. இது உங்க பஸ் இல்ல."

பெயர்களைத் தாங்கிய சுவர்கள் ஒரு நீண்ட தாழ்வாரத்தில் வரிசையாக நின்றன. பாலிஷ்காரம்மா முதல் சுவரிலிருந்தே தொழில் கண்ணோடு பார்த்துக்கொண்டு வந்தார். நல்ல வார்ப்பு. எழுத்துகள் மேலெழும்பி நிற்கின்றன. தகடு முழுவதும் ஒரே பழுப்பு நிறம், எதுவும் மின்னவில்லை. அது வேண்டுமென்றே ஏற்றிய நிறம் என்பது அவருக்குப் பார்த்ததுமே புரிந்தது. அப்போதே பாதி பாரம் இறங்கியது. எல்லாம் ஒரே பழுப்பு என்றால் ஒட்டடை மட்டும் தனியாகக் கறுத்துப்போய் நிற்கவில்லை.

ஏழாம் சுவர் தாழ்வாரத்தின் கடைசியில் இருந்தது. அது முடிகிற இடத்தில் ஐந்து படிகள் இறங்கின. கீழே வட்டமான உள்மண்டபம், ஜன்னல் இல்லாதது, நடுவில் அணையாத சுடர். படியை ஒட்டிய சுவரோரத்தில் தகடுகள் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு அடுக்கு. மேல் தகட்டின் கடைசி வரிசை, ஒரு ஆளின் இடுப்பு உயரத்தில், பதினாலாவது.

அந்தப் பெயர் மின்னியது.

சுற்றிலும் எல்லாப் பெயர்களும் பழுப்பாக இருக்க, அது மட்டும் பொன்போல மின்னியது. வலது ஓரத்தில் நன்றாக, இடப்பக்கம் போகப்போகக் கொஞ்சம் மங்கலாக. முதல் எழுத்து மட்டும் இன்னும் பழுப்பிலேயே இருந்தது.

பாலிஷ்காரம்மாவுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

"எவனோ தேய்ச்சிருக்கான். தேய்க்கத் தெரியாதவன். ஒரு பக்கம் பூரா எடுத்துட்டு மறுபக்கத்தைத் தொடவே இல்ல பாருங்க. இடுக்கெல்லாம் அழுக்கு. இப்படி ஒரு வேலைய எங்கிட்ட யாராவது செஞ்சு கொடுத்தா தூக்கி மூஞ்சியில எறிவேன்."

"மச்சான் பேரைக் கண்டுபிடிச்சு முழுசா ஒரு நிமிஷம் ஆகல. அதுக்குள்ள ஆள் மேல கம்ப்ளெய்ன்ட்டா?"

பாலிஷ்காரம்மா குனிந்து, தலையைச் சாய்த்து, வெளிச்சம் தகட்டின்மேல் படுக்கிற மாதிரி நின்று பார்த்தார். சக்கரம் பட்டிருந்தால் கோடுகள் ஒரே போக்கில் ஓடும். துணியால் தேய்த்திருந்தால் வட்டம் வட்டமாக இருக்கும். இங்கே இரண்டும் இல்லை. எழுத்துகளின் முனை கூழாங்கல் மாதிரி மழுங்கியிருந்தது.

"பாலிஷ் இல்லைங்க இது. கை."

"யார் கை?"

"தெரியல. ஆனா ஒரு நாள் ரெண்டு நாள்ல வர்ற பளபளப்பு இல்ல. வருஷக்கணக்கா தொட்டிருக்காங்க."

நடத்துனர் சுவரைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு குறும்பு வந்து உட்கார்ந்தது. "நான் பார்க்காத மச்சான். கேட்கிறேன்னு தப்பா நினைக்காத. இந்த ஊர்ப் பக்கம் அவருக்கு யாராவது…"

"சும்மா இருங்க."

"இருபத்தெட்டு வருஷமா வந்து தடவிட்டுப் போறாங்கன்னா, சாதாரணப் பாசமா அது?"

"அவன் சக்கரத்தைத் தவிர வேற எதையும் நிமிர்ந்து பார்க்காதவன்," என்றார் பாலிஷ்காரம்மா. சொல்லிவிட்டாரே தவிர, நெஞ்சில் சுருக்கென்றது. யாரோ ஒருத்தி வந்திருக்கிறாள். கூடப்பிறந்தவள் வரவில்லை. பையைத் திறந்து டப்பாவை எடுத்தார். இந்த அரைகுறையை நேராக்கி, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை ஒரே சீராகக் கொண்டுவந்துவிட்டால், வந்ததற்கு அதுவாவது செய்ததாக இருக்கும்.

"அம்மா, அது என்ன டப்பா?"

நினைவாலயத்தின் மேற்பார்வையாளர். நாற்பது வயதிருக்கும். இடுப்பில் பெரிய சாவிக்கொத்து. அது சத்தம் போடாதபடி ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நடக்கிற மனிதர்.

"பாலிஷ் தம்பி. எங்க அண்ணன் பேரு."

"தேய்க்கக் கூடாதும்மா. மன்னிச்சுக்கோங்க. எல்லாப் பேரும் ஒரே நிறத்துல இருக்கணும். போன வருஷம் ஒருத்தர் அவங்க அப்பா பேரை மட்டும் பளபளன்னு தேய்ச்சு விட்டுட்டுப் போயிட்டார். மறுநாள் பக்கத்துப் பேரோட பையன் வந்து, எங்க அப்பா மட்டும் மட்டமான்னு எங்கிட்ட சண்டைக்கு நிக்கிறார்."

நியாயம்தான் என்று பாலிஷ்காரம்மாவுக்குத் தோன்றியது. மூடியைத் திரும்ப அழுத்தினார். "சரி தம்பி. அப்ப இது? இதை மட்டும் யார் தேய்ச்சது?"

மேற்பார்வையாளர் சிரித்தார். "அதுவா? யாரும் தேய்ச்சதில்ல. எதிர்ல பெஞ்சு இருக்கு பாருங்க. ஒரு கால் மணி நேரம் உட்காருங்க. உங்களுக்கே தெரியும். நான் கீழ போயிட்டு வந்துடறேன்."

எதிர்ச் சுவரோரம் இருந்த கல்பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். பதினொரு மணி வாக்கில் கூட்டம் வரத் தொடங்கியது. முற்றத்து வெயிலிலிருந்து தாழ்வாரத்துக்குள் வந்தவர்கள் இரண்டு பக்கமும் பெயர்களைப் பார்த்தபடி நடந்தார்கள். தாழ்வாரத்தின் கடைசியில் உள்மண்டபத்தின் இருட்டு. வெயிலில் இருந்த கண்களுக்கு முதல் படி தெரியவில்லை. பருத்த மனிதர் ஒருவர் படியருகே தயங்கி, வலது கையைச் சுவரில் ஊன்றி, இறங்கினார். குதிகால் உயர்ந்த செருப்பு போட்ட பெண் ஒருத்தி, கையை ஊன்றி, இறங்கினாள். ஒரு தோளில் குழந்தையைச் சாய்த்திருந்தவர் காலால் படியைத் துழாவிக்கொண்டே கையை ஊன்றினார். மார்பில் பதக்கங்கள் குத்தியிருந்த வயதான ராணுவக்காரர் ஒருவர் விறைப்பாக நடந்து வந்தார். அவரும் படியருகே வந்ததும் விறைப்பைக் கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டுக் கையை ஊன்றினார். எல்லாக் கையும் ஒரே இடத்தில், இடுப்பு உயரத்தில், தகட்டின் கீழ் ஓரத்தில் விழுந்தது. ஒருவர்கூட அந்தப் பெயரைப் படிக்கவில்லை.

பாலிஷ்காரம்மா முதலில் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோள் குலுங்கியது. கணவர் பயந்துபோய், "என்ன, அழறியா?" என்று குனிந்து பார்த்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்தும் வழிந்துகொண்டிருந்தது.

"பஸ்ல நிக்கிற மாதிரியே நிக்கிறான் பாருங்க அவன். அதே மாதிரி. எவன் எவனோ பிடிச்சுக்கிட்டு இறங்கறான், ஒருத்தனும் மூஞ்சியப் பார்க்கல."

நடத்துனருக்கு அந்தப் பேருந்துக் கதை தெரியும். நூறு தடவை கேட்டிருக்கிறார். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உதடு அசையாமல், விரல் நீட்டாமல் தலைகளை எண்ணுவது அவருடைய முப்பது வருடப் பழக்கம். கூட்டம் இறங்க இறங்க எண்ணிக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "நூறு பேர் இறங்கினாங்க. அதுல அறுபத்து மூணு பேர் மச்சானைப் பிடிச்சாங்க."

"அறுபத்து மூணா?"

"எண்ணிக்கையில என்னை எவனும் குறை சொன்னதில்ல."

நூற்றுக்கு அறுபத்து மூன்று. நாளுக்கு எத்தனை நூறு, வருடத்துக்கு எத்தனை நாள். பாலிஷ்காரம்மா கணக்குப் போடவில்லை. இருபத்தெட்டு வருடமாக மனதில் இருந்த அந்தக் கரிச்சட்டிப் படம் மட்டும் கழன்று விழுந்தது. இந்தச் சுவர்களில் இத்தனை ஆயிரம் பெயர்கள். அதில் ஒரு நாள்கூடத் தனியாக நிற்காத பெயர் ஒன்று உண்டென்றால் அது ஒட்டடையுடையது.

மேற்பார்வையாளர் திரும்பி வந்து பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார். "பார்த்தீங்களா?"

"பார்த்தேன் தம்பி. நிறைவா இருக்கு."

"உங்களுக்கு நிறைவு, எனக்குத் தலைவலி. இந்த இடத்துல கைப்பிடிக் கம்பி போடணுமா வேணாமான்னு மேல கேட்டிருக்காங்க. வியாழக்கிழமை பொறியாளர் வரார். அவர் வந்து அஞ்சு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடுவார். நான் என்ன எழுதறேனோ அதுதான் நிக்கும்." அவர் பையின் வாயில் தெரிந்த டப்பாவைப் பார்த்தார். "நீங்க இந்த வேலைதானேம்மா? தகடு தாங்குமா? தாங்கும்னா விட்டுடலாம். மண்டபத்துல புதுசா எதையும் மாட்ட எனக்கும் இஷ்டம் இல்ல."

நடத்துனர் எழுந்து, எதிரே இருந்த ஏதோ ஒரு தகட்டைப் படிப்பதுபோல நின்றுகொண்டார். மனைவி என்ன சொல்லப் போகிறார் என்று அவருக்குத் தெரியவில்லை. என்ன சொன்னாலும் குற்றம் சொல்ல மாட்டேன் என்பதற்காக முதுகைக் காட்டினார்.

பாலிஷ்காரம்மா தகட்டருகே போனார். தாங்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தக் கைகள் வந்துகொண்டே இருக்கும். அவர் பொய் சொன்னார் என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

கட்டைவிரல் நகத்தைத் தகட்டின் கீழ் மூலையில், திருகுக்குப் பக்கத்தில் செருகிப் பார்த்தார். நகம் உள்ளே போனது. மேல் மூலையில் பார்த்தார். போகவில்லை. பக்கத்துத் தகட்டின் கீழ் மூலையிலும் போகவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு பெயரின் கடைசி எழுத்தை விரல்நுனியால் தடவினார். முதல் எழுத்தைத் தடவினார். மறுபடியும் கடைசி எழுத்து. கண்ணைவிட விரல் கறாராகச் சொல்லும். கடைசி இரண்டு எழுத்தின் உயரம் முதல் எழுத்தில் பாதிகூட இல்லை.

வாடிக்கையாளர் ஒருவர் இதை மேசைமேல் வைத்துக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? அதைத்தான் சொன்னார்.

"தாங்காது தம்பி."

"தாங்காதா?"

"கீழ்த் திருகு கழண்டுகிட்டு வருது. எல்லாரும் எடைய அது மேல போடறாங்க இல்ல? இழுத்து இழுத்துத் தகடு சுவரைவிட்டு வந்திருக்கு. இங்க நகத்தை விட்டுப் பாருங்க. அது சரி பண்ணிடலாம்னு வெச்சாலும் எழுத்து போயிடும். இப்பவே பாதி தேஞ்சாச்சு. இன்னும் இருபது வருஷம் போனா கடைசி ரெண்டு எழுத்து இருக்காது. கம்பி போட்டுடுங்க."

மேற்பார்வையாளர் நகத்தை விட்டுப் பார்த்தார். நகம் உள்ளே போனது. பிறகு, "கம்பி போட்டா யாரும் இந்தப் பேரைத் தொட மாட்டாங்களேம்மா," என்றார்.

"மாட்டாங்க."

"பழைய நிறமும் ஏத்திடுவோம். மத்த பேரு மாதிரி ஆயிடும்."

"நிறம் ஏத்த வேணாம் தம்பி. ஆசிட் கீசிட் எதுவும் அது மேல ஊத்திடாதீங்க, மிச்ச எழுத்தும் போயிடும். சும்மா விட்டாலே தானா பழுப்பாயிடும். ரெண்டு மூணு வருஷம் ஆகும், அவ்வளவுதான்." பாலிஷ்காரம்மா பையின் வாயை இழுத்து மூடினார். "நின்ன வரைக்கும் போதும். அவன் பேரு படிக்கிற மாதிரி இருக்கணும். எம்பொண்ணு இந்த ஊர்லதான் இருக்கா. அவ பிள்ளைங்க வந்து படிக்கணுமில்ல?"

மேற்பார்வையாளர் சட்டைப்பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்தார். அதன்பிறகு அங்கே நடந்தது சுத்தமான தொழில் பேச்சு. கம்பியைச் சுவரில் எங்கே ஊன்ற வேண்டும், தகட்டிலிருந்து நாலு விரல் தள்ளி ஏன் இருக்க வேண்டும், படியின் சரிவோடு அது எப்படி இறங்க வேண்டும் என்று பாலிஷ்காரம்மா கையாலேயே காட்டினார்.

"இரும்பு வேணாம். கையெல்லாம் துரு ஆகும். ஸ்டீலும் வேணாம், ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். பித்தளை போடுங்க. மேல வார்னிஷ் அடிக்காதீங்க."

"வார்னிஷ் இல்லன்னா கறுத்துடுமே? யார் தேய்ப்பாங்க?"

"நூத்துக்கு அறுபத்து மூணு பேர்," என்றார் நடத்துனர், முதுகைத் திருப்பாமலே.

அதன் பிறகுதான் அவர்கள் உள்மண்டபத்துக்குப் போனார்கள். உண்மையில் எல்லாரும் பார்க்க வருவது அதைத்தான். நடத்துனர் முதலில் இறங்கி, கீழே நின்று, "பார்த்து, பார்த்து," என்றார். பாலிஷ்காரம்மா முதல் படியில் வலது காலை வைத்தார். முழங்கால் சுளீரென்றது. கை தானாகச் சுவருக்குப் போனது. விழுந்த இடம் தகட்டின் கீழ் ஓரம். உலோகம் குளிர்ந்திருந்தது, வழவழவென்று இருந்தது. எடையை முழுதும் போட்டுவிடாமல், திருகை மனதில் வைத்துக்கொண்டு, பாதி எடையை மட்டும் அதன்மேல் வைத்து இறங்கினார்.

"அறுபத்து நாலு," என்றார் நடத்துனர்.

சுடரின் முன் சிறிது நேரம் நின்றார்கள். வெளியே வந்தபோது முற்றத்து ஓரத்தில் குடிதண்ணீர்க் குழாய் ஒன்று பாலிஷ்காரம்மாவின் கண்ணில் பட்டது. பித்தளைக் குழாய், கழுத்தெல்லாம் பச்சை பூத்திருந்தது. மேற்பார்வையாளரை நிமிர்ந்து பார்த்தார்.

"இதுக்கு ஏதாவது சட்டம் இருக்கா தம்பி?"

"குழாய்க்கு எந்தச் சட்டமும் இல்லம்மா."

பல் தேய்க்கும் பிரஷ் முதற்கொண்டு எல்லாவற்றுக்கும் வேலை கிடைத்தது. இருபது நிமிடம் ஆயிற்று. நடத்துனர் தண்ணீர் குடிக்க வந்தவர்களை வரிசையில் நிறுத்தி, "கொஞ்சம் பொறுங்க, வண்டி ரெடியாகுது," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழு மாதம் கழித்து மகள் ஒரு படம் அனுப்பினாள். பட்டறையில் மோட்டாரை நிறுத்திவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாலிஷ்காரம்மா தொலைபேசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தின் நடுவில் நின்ற மகளை ஒருபக்கம் தள்ளிவிட்டு, விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கம்பி வந்துவிட்டது. பித்தளைதான். வார்னிஷ் இல்லை. முதல் படிக்கு நேராக ஒரு சாண் நீளத்துக்கு இப்போதே மின்னத் தொடங்கியிருந்தது. வலது கை, மேலிருந்து கீழாக. பின்னால் பதினாலாம் வரிசையில் பொன் நிறம் தேநீர் நிறமாக மாறிக்கொண்டிருந்தது. நிறம் நன்றாகப் படிகிறது, திட்டுத் திட்டாக இல்லை. எழுத்துகள் அத்தனையும் இருந்தன.

படத்தை இன்னும் பெரிதாக்கினார். கம்பிக்குக் கீழே, கீழ் அடுக்குத் தகட்டில், முதல் வரிசைப் பெயரின் ஓரத்தில் சின்னதாக ஒரு பளபளப்பு. அவர் கூர்ந்து பார்த்தார். கம்பி எட்டாதவர்களின் உயரம் அது. சின்னக் கைகள், எடை இருக்காது, திருகு ஆடாது.

"என்ன பார்க்கிற அவ்வளவு நேரமா?" என்றார் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த கணவர்.

"கீழ் வரிசைக்காரருக்கு இப்ப குழந்தைங்க வருதுங்க," என்று சொல்லிவிட்டு, பாலிஷ்காரம்மா கண்ணாடியை இறக்கி மோட்டாரைப் போட்டார்.